டூரிஸ்ட்டாகப் போய் டீச்சர் வேலையா? அனுப்பாதீர்கள் சார்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கிறாள். தாய்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, ஏஜென்ட்டுக்கு இரண்டரை லட்சம், “இப்போதைக்கு டூரிஸ்ட்டாகப் போகட்டும், போன பிறகு ஸ்கூலே விசா மாற்றிக் கொடுத்துவிடும்” என்கிறார்களாம். நாற்பதாயிரம் முன்பணமும் பாஸ்போர்ட்டும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மைத்துனர் வேறு தினமும் போன் போட்டு, வெளிநாட்டு வேலை வீடு தேடி வந்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்கிறார். பயமாக இருக்கிறது, அனுப்பலாமா சார் என்பதுதான் கேள்வி.

பயம் நியாயமானது. அனுப்பாதீர்கள்.

தாய்லாந்தில் பாடம் நடத்த வேண்டுமென்றால் வேலைக்கான நான்-இமிகிரன்ட் பி விசா வேண்டும், அதற்குமேல் அந்தப் பள்ளியின் பெயரிலேயே ஒர்க் பெர்மிட் வேண்டும். விசாவை அங்கே போய் மாற்றவே முடியாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் பெர்மிட் கைக்கு வரும் முன்னால் ஒரு நாள் வகுப்பெடுத்தாலும் சட்டப்படி குற்றம். 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், நாட்டைவிட்டு வெளியேற்றம், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒர்க் பெர்மிட்டே கேட்க முடியாது. பள்ளிக்கும் அபராதம் உண்டுதான், அவர்கள் கட்டிவிட்டு அடுத்த ஆளை வைத்துக்கொள்வார்கள். நடுவில் என்ன நடக்கும் தெரியுமா? இதோ வந்துவிடும், அதுவரை வகுப்பைப் பார்த்துக்கொள் என்பார்கள், தங்கும் நாள் முடியும்போதெல்லாம் லாவோஸ் எல்லைக்குப் போய் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வரச் சொல்வார்கள். சம்பளத்தைப் பிடித்துவைத்தால் அந்தப் பெண் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பாள்?

உண்மையிலேயே பெர்மிட் எடுத்துத் தரப்போகிற பள்ளி இப்போதே சில காகிதங்களைக் கேட்டிருக்கும். சான்றொப்பம் வாங்கிய பட்டச் சான்றிதழ், போலீஸ் நன்னடத்தைச் சான்று, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு டோயிக் மாதிரி ஒரு தேர்வில் மதிப்பெண் (டோயிக்கில் 600 வேண்டும்), தாய்லாந்து ஆசிரியர் மன்றத்தின் அனுமதிக்கான விவரங்கள். உங்கள் ஏஜென்ட் கேட்டது பணமும் பாஸ்போர்ட்டும் மட்டும்தானே?

பணக் கணக்குக்கும் வருவோம். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு ரசீதும் தர வேண்டும். இரண்டரை லட்சம் எங்கிருந்து வந்தது? அந்த அமைச்சகத்தின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள், எண்ணே இல்லாத ஆளாகவும் இருக்கலாம். 2022-ல் தாய்லாந்து வேலை என்று கிளம்பிய நம் ஊர்ப் பையன்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பலிடம் மாட்டினார்கள். 2025 மார்ச்சில் அப்படிச் சிக்கிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானத்தில் அழைத்துவர வேண்டியிருந்தது. எல்லா ஏஜென்ட்டும் அப்படி இல்லை, ஆனால் மாட்டிய அந்தப் பையன்களிலும் பலர் டூரிஸ்ட்டாகத்தான் போனார்கள்.

சரி, அவளுக்குப் பாடம் நடத்தத்தான் பிடிக்கிறது, வெளிநாட்டு ஆசையும் இருக்கிறது. பேங்க் கோச்சிங், ஐ.டி. இதெல்லாம் உங்கள் சொந்தக்காரர்களே சொல்லியிருப்பார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. யாரும் சொல்லாதது பி.எட். முடித்துவிட்டு மாலத்தீவு. தூத்துக்குடியிலிருந்து தோணியில் காய்கறியும் வெங்காயமும் போகிற அதே மாலத்தீவுதான். நம் ஊரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆசிரியர்கள் பல வருடமாக அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். திவேஹி மொழியும் இஸ்லாமும் தவிர மற்ற பாடங்கள் ஆங்கில வழியில்தான், பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள், அதனால் ஆங்கில ஆசிரியருக்குத் தேவை இருக்கிறது. அங்கேயும் சுற்றுலாவாக இறங்கி வேலை பார்ப்பது தப்பு. வேலை அனுமதிக் காகிதம் அவள் பெயரில், பாஸ்போர்ட் எண்ணோடு, விமானம் ஏறும் முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும்.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மக்கள் வசிப்பது சுமார் 190 தீவுகள், பலவற்றில் ஒரு கடைத்தெருகூட இருக்காது, தலைநகர் மாலேக்குப் போகப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். வார விடுமுறை வெள்ளி, சனி. சம்பளம் அந்த நாட்டுப் பணமான ரூஃபியாவில், டாலர் தட்டுப்பாடு இருப்பதால் ஊருக்கு மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வங்கி வரம்பு வைத்திருக்கிறது, அந்தத் தொகையைக் கேட்டுவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். வீட்டு வாடகை யார் தருவது, போகவர டிக்கெட் யார் செலவு, பாதியில் விட்டால் என்ன பிடித்தம் — ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாதது எதுவும் கிடைக்காது. தனியாகத் தங்க முடியுமா என்பதை மைத்துனரிடம் கேட்காமல் மகளிடம் கேளுங்கள்.

பி.எட். இரண்டு வருடம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி இடங்களுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நடக்கிறது, கட்டணம் ஏஜென்ட் கேட்ட தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. பாளையங்கோட்டை புனித இக்னேஷியஸ் பெண்கள் கல்வியியல் கல்லூரி உங்களுக்குப் பக்கம். இரண்டாம் வருடம் 16 வாரம் பள்ளியில் நிஜ வகுப்பெடுக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கப் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும், கடல் தாண்டிப் போய்த் தெரிய வேண்டியதில்லை. பிடித்திருந்தால் மாலத்தீவு இல்லாவிட்டாலும் இந்தப் படிப்பு இங்கேயே சோறு போடும், நாளைக்குத் தாய்லாந்தே வேண்டும் என்றாலும் ஆசிரியர் மன்றம் முதலில் இதைத்தான் கேட்கும். இரண்டரை லட்சத்துக்கு நகை அடகு வைக்கும் யோசனை இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

நாளைக் காலை முதல் வேலை, ஏஜென்ட் ஆபீசுக்குப் போய் பாஸ்போர்ட்டை வாங்குங்கள். அதை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. முன்பணத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் போலீசிலும் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். பணம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, பாஸ்போர்ட் இல்லாமல் அந்த ஆபீஸிலிருந்து கிளம்பாதீர்கள்.