கேள்வி–பதில்: ‘விபத்தே கூடாது’ என்று எழுதி வைத்தால் போதுமா?

கேள்வி: கேற், கிறில் செய்யும் வேலைத்தளம் வைத்திருக்கிறேன். எட்டுப் பெடியள் வேலை செய்கிறார்கள். ‘இந்த வருடம் விபத்தே கூடாது’ என்று பலகையில் எழுதி, அப்படி நடந்தால் எல்லாருக்கும் போனஸ் என்றும் சொன்னேன். ஆறு மாதமாக ஒன்றும் பதியவில்லை. ஆனால் போன கிழமை ஒருவனின் முன்கையில் தையல் போட்ட அடையாளம் கண்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கே பிழை? (கோண்டாவில் வாசகர்)

பதில்: போனஸில். ஒருவன் காயத்தைச் சொன்னால் எட்டுப் பேரின் காசும் போகும் என்றால் எவன் சொல்வான்? உங்கள் இலக்கு விபத்தைக் குறைக்கவில்லை, செய்தியைத்தான் குறைத்தது.

கணக்கும் இடிக்கிறது. எட்டுப் பேர், கிழமைக்கு 45 மணி, வருடத்தில் 50 கிழமை: மொத்தம் 18,000 மணித்தியாலம். காய வீதத்தை 200,000 வேலை மணிக்கு எத்தனை என்று பார்ப்பது ஒரு வழக்கம். அந்த அளவை எட்ட உங்களுக்குப் பதினொரு வருடம் வேண்டும். ஆகவே ஒரு வருடம் சும்மா போனதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

பெடியளின் கையில் உள்ளதை இலக்காக்குங்கள். முதலில் எத்தனை கிறைண்டரில் (இரும்பை வெட்டித் தேய்க்கும் கை மெசின்) டிஸ்க்கை மறைக்கும் காப்பு மூடி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆறில் இரண்டு என்றால், ‘ஓகஸ்ட் 31க்குள் ஆறிலும், பொறுப்பு இன்னார்’ என்பதே இலக்கு. அதற்கு முன் மூடியை ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு காரணம்தான். கிறிலின் உள்மூலைக்கு மூடி இடம் விடாது. அதற்கு, வெல்டிங் ஒட்டமுன்னரே வெட்டி முடிக்கும்படி வேலை ஒழுங்கை மாற்ற வேண்டும். மற்றது, ஆழமாக வெட்டவென்று 5 அங்குலக் கிறைண்டரில் 7 அங்குல டிஸ்க் போடுவது. இரண்டு டிஸ்க்கிலும் நடுத்துளை ஒரே அளவாக இருப்பதால் அது இலகுவாகப் பொருந்திவிடும், ஆபத்தும் அங்கேதான். சின்ன மெசின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். 7 அங்குல டிஸ்க்கில் அச்சிட்ட உச்ச வேகம் சுமார் 8,500. வெடித்தால் மறிக்க மூடியும் இல்லை. டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதித் திகதியும் இருக்கும். கடைக்காரர் காட்டமாட்டார், நீங்கள் பாருங்கள். புது டிஸ்க் போட்டால், முகத்தை விலக்கி ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்ட பிறகுதான் இரும்பில் வைக்க வேண்டும்.

கிழமைக்கு ஒரு தடவை, நேரம் சொல்லாமல், இருபது பார்வை பாருங்கள்: மூடி இருக்கிறதா, கண்ணாடி போட்டிருக்கிறானா? 20க்கு 13 என்றால் அதையே பலகையில் எழுதுங்கள், ஆளின் பெயர் வேண்டாம். அடுத்த மாத இலக்கு 20க்கு 17. மின் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்துவதும் அதே பலகையில் ஏறட்டும்.

‘மயிரிழையில் தப்பினோம்’ என்ற செய்திகளின் எண்ணிக்கை முதல் சில மாதம் கூடினால் நல்லது, பயம் தெளிகிறது என்று அர்த்தம். ஆனால் ‘கிழமைக்கு ஐந்து’ என்று கட்டாயப்படுத்தினால் கதை கட்டத் தொடங்குவார்கள். சொன்னதை இரண்டு நாளுக்குள் திருத்துவதை உங்கள் சொந்த இலக்காக வையுங்கள். மூன்று தரம் சொல்லியும் திருந்தாத வயரைப் பற்றி நாலாம் தரம் ஒருவனும் சொல்லமாட்டான்.

கேள்வி: ஜீ.ஐ. பைப் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) வெல்டிங்கில் ஒட்டினால் இரவில் குளிர்காய்ச்சல் வருகிறது. பால் குடித்தால் போதும் என்கிறார்கள். (சாவகச்சேரி வாசகர்)

பதில்: பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது. நாகப் பூச்சு எரிந்து வரும் புகையால் சில மணித்தியாலம் கழித்துக் குளிர், உடல்நோவு, வாயில் இரும்புச் சுவை வரும். ஒன்றிரண்டு நாளில் தணியும். மூச்சு முட்டினால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொடர்ந்து ஒட்டும்போது உடல் பழகி, ஞாயிறு ஓய்வோடு அந்தப் பழக்கம் விட்டுப்போகும்; அதனால்தான் திங்கள் இரவில் கூடுதலாகக் காய்கிறது.

ஒட்டும் இடத்தின் இருபக்கமும் இரண்டு அங்குலம் பூச்சை அராவி எடுங்கள். காற்றுப் பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள். சோளகக் காற்று அடிக்கிறது என்று அதற்கு முதுகு காட்டி நின்றால், புகை உங்கள் நெஞ்சுக்கு முன்னாலேயே சுழலும். துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. ‘திங்கள் இரவு எத்தனை பேருக்குக் காய்ச்சல்’ என்று எண்ணி வாருங்கள், உங்கள் வேலைத்தளத்துக்கு அது நல்ல அளவுகோல்.

கேள்வி: காயத்தை யாருக்கு அறிவிக்க வேண்டும்? (மானிப்பாய் வாசகர்)

பதில்: இலங்கையின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, தொழிற்சாலையில் உயிரிழப்பு நேர்ந்தாலோ, காயம்பட்டவர் மூன்று நாளுக்கு மேல் வழமையான வேலையைச் செய்து முழுச் சம்பளம் பெற முடியாமல் போனாலோ, தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நாளும் நேரமும் அன்றைக்கே கொப்பியில் ஏறட்டும். நட்டஈடு கேட்கும் நாளில் தொழிலாளிக்கும் உங்களுக்கும் அந்தக் கொப்பிதான் சாட்சி.