முடவாட்டுக்கால்: வாங்கலாமா, வளர்க்கலாமா?

கேள்வி: கொல்லிமலை முடவாட்டுக்கால் எங்கள் ஊர்ச் சந்தை வரைக்கும் வருகிறது. சூப் வைத்துக் குடிக்கிறோம். அது அழிந்துவரும் செடி என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உலகக் கணக்கில் இது அரிய செடி அல்ல. ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற இந்தப் பெரணி (பூவும் விதையும் இல்லாமல் வித்துத்தூளால் பெருகும் செடிவகை, ஆங்கிலத்தில் ஃபெர்ன்) இந்தியா, இலங்கையில் தொடங்கித் தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இருக்கிறது. ஆனால் அதை வைத்து ஒரு மலையின் நிலையைச் சொல்லிவிட முடியாது. கிழங்கு என்று நாம் வாங்குவது, பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் தண்டு. நுனியில்தான் வளரும். அதன்மேல் காம்பில்லாத பழுப்பு இலைகள் கிண்ணம்போல் நின்று சருகையும் தூசியையும் பிடித்துவைக்கும்; செடிக்கு எரு அதுதான். மொத்தமாகப் பெயர்த்தால் தண்டோடு அந்த எருவும் போய், வெறும் பாறைதான் மிஞ்சும். வித்துத்தூள் விழுந்தாலும் ஈரம் தங்காத இடத்தில் முளைக்காது.

முதிர்ந்த பின்பகுதியை மட்டும் வெட்டி, நுனியைப் பாறையிலேயே விட்டால் செடி பிழைக்கும். வாங்கும்போது துண்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையில் செம்பழுப்புச் செதில் பஞ்சுபோல் அடர்ந்திருந்தால் அது வளர்நுனி. அப்படிப்பட்ட துண்டுகளே கூடையில் நிறைந்திருந்தால், அன்றைக்கு வாங்காமல் வருவதே நல்லது. காரணத்தையும் வியாபாரியிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மலையில் வாழும் பழங்குடியினர் வழக்கமாகச் சேகரித்துவந்த சிறுவனப் பொருள்களை எடுக்க 2006 வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. எடுக்கும் முறையும் அளவும்தான் இங்கே பிரச்சினை.

கேள்வி: தஞ்சைப் பக்கம் வளருமா? தொட்டியில் நட்டேன், அழுகிவிட்டது.
– வாசகர், திருவையாறு

பதில்: வளரும். மண்ணில் புதைத்ததுதான் தவறு. நம் களிமண் நீரைப் பிடித்துவைக்கும், தண்டோ காற்றாட இருக்க வேண்டும். நுனியுள்ள ஒரு சாண் துண்டை, செதிலைச் சுரண்டாமல், மாமரத்தின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கத்தில் கயிற்றால் கட்டுங்கள். மரம் இல்லையென்றால் தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிடலாம். அடியில் ஒரு பிடி மக்கிய சருகு போதும்; பச்சைச் சாணம் வைத்தால் அழுகும். ஐப்பசி மழையோடு தொடங்கினால் பாதி வேலை குறையும். வேர் பிடிக்கும்வரை காலையும் மாலையும் தெளித்து, பிறகு கயிற்றை அவிழ்த்துவிடலாம்.

கோடையில் பச்சை இலைகள் உதிர்ந்து நரம்புக் குச்சிகள் மட்டும் நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்க வேண்டாம், மழைக்குத் துளிர்க்கும். பழுப்பு இலைகளையும் கிள்ளாதீர்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும், அங்கே மழைநீரைச் சேமித்துத் தெளியுங்கள்.

கேள்வி: டெல்டாவுக்கென்று பெரணியே கிடையாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வரப்போரம் நாலு இலையோடு நிற்கும் ஆரைக்கீரை பெரணிதான். வயலுக்குப் போடும் அசோலாவும் அப்படியே. ஆரை, பென்சல்ஃபியூரான் வகைக் களைக்கொல்லிக்குத் தாங்காது. வயலில் அடித்தாலும் வாய்க்கால் கரையில் அடிக்காமல் விடுங்கள். கீரைக்கு இலையை மட்டும் கிள்ளுங்கள், ஓடும் தண்டை இழுக்காதீர்கள். அடியோடு மறைந்துபோன குளமென்றாலும், ஆரை இருந்த இன்னொரு குளத்தின் காய்ந்த வண்டலில் ஒரு கூடை எடுத்துக் கரையோரம் போட்டுப் பாருங்கள். வித்துத்தூளைப் பொதிந்து வைத்திருக்கும் மிளகளவு கடினமான வித்துறைகள் பல ஆண்டுகள் வறட்சியைத் தாங்கி, நீர் பட்டதும் முளைக்கக்கூடியவை.