லண்டனில் வீடு பார்ப்பதற்கு முன்

கேள்வி: என் கணவரை அவருடைய நிறுவனம் நான்கு ஆண்டுகளுக்கு லண்டனுக்கு மாற்றியிருக்கிறது. அலுவலகம் கேனரி வார்ஃப் பகுதியில் இருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். மே மாதம் அவளுக்கு 14 வயது நிறைகிறது. மகன் ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவன். ஜூலையில் 10 வயது. ஈஸ்ட் ஹாமில் கோயிலும் நம் கடைகளும் இருப்பதால் அங்கேயே வந்துவிடும்படி உறவினர் அழைக்கிறார்கள். நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளான கிராமர் பள்ளிகளுக்காகச் சட்டன் பகுதிதான் சரி என்கிறார் ஒரு நண்பர். ஆகஸ்டில் போய், கிடைத்த வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு நிதானமாக மாறிக்கொள்ளலாம் என்பது கணவரின் எண்ணம். மகளைப் பத்தாம் வகுப்பு முடியும்வரை என் அம்மாவிடம் விட்டுச் செல்லலாமா என்றும் குழம்புகிறேன். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரி, மகளைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். இங்கிலாந்தில் ஒரு பிள்ளை எந்த வகுப்பில் சேர வேண்டும் என்பதை அவர் இங்கே எதுவரை படித்தார் என்பது தீர்மானிப்பதில்லை. செப்டம்பர் 1 அன்று அவருடைய வயது என்ன என்பதே தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் மகள் வரும் செப்டம்பரில் 'இயர் 10' வகுப்பில் சேருவாள். நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் போன்ற ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கான பாடங்கள் பெரும்பாலான பள்ளிகளில் அந்த ஆண்டில்தான் தொடங்கி, இயர் 11 முடிவில் தேர்வோடு நிறைவடைகின்றன. இங்கேயே பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு போனால், அவளை வயதின்படி இயர் 11 வகுப்பில் உட்கார வைப்பார்கள். மற்றவர்கள் பாதி தூரம் கடந்துவிட்ட பாடங்களை அவள் எட்டொன்பது மாதங்களில் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே, ஒன்று அவள் இந்த ஆண்டே உங்களோடு வரட்டும், அல்லது பன்னிரண்டாம் வகுப்புவரை சென்னையிலேயே படிக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வழியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதினான்கு வயதுப் பெண்ணை ஆண்டுக்கணக்கில் பிரிந்திருப்பதைவிட அழைத்துச் செல்வதே நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மகனுடைய கணக்கு இன்னும் நெருக்கடியானது. அவன் செப்டம்பரில் இயர் 6, அதாவது தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் சேருவான். அடுத்த ஆண்டு அவன் சேர வேண்டிய உயர்நிலைப் பள்ளிக்கான விண்ணப்பத்தை, நீங்கள் குடியிருக்கும் பகுதியின் கவுன்சிலிடம், அதாவது உள்ளாட்சி மன்றத்திடம், இந்த அக்டோபர் 31க்குள்ளேயே கொடுத்தாக வேண்டும். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை விருப்ப வரிசையில் குறிப்பிடலாம். முடிவு மார்ச் 1 வாக்கில் வரும். கூட்டம் அதிகமுள்ள பள்ளிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையேயான தூரம் பெரும்பாலும் நேர்கோட்டில் அளக்கப்படுகிறது. தெருவின் இந்த முனையில் உள்ள பிள்ளைக்கு இடம் கிடைத்து, அந்த முனையில் உள்ள பிள்ளைக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு. 'ஆறு மாதம் கழித்து மாறிக்கொள்ளலாம்' என்பது மற்றவர்களுக்கு நல்ல யோசனைதான். உங்களுக்கோ, அக்டோபரில் எந்த வீட்டில் இருக்கிறீர்களோ அந்த வீட்டை வைத்துத்தான் மகனுடைய பள்ளி முடிவாகும்.

ஆகஸ்டில் போகலாம் என்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். அங்கே ஜூலை மூன்றாவது அல்லது நான்காவது வாரம் மூடும் பள்ளிகள் செப்டம்பர் தொடக்கத்தில்தான் திறக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை குடும்பம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் அங்கே போய் இறங்கியது. தோட்டத்தோடு அழகான வீடு அமைந்தது. ஆனால் பள்ளிகளில் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. பெரியவள் அக்டோபர் பாதிவரை வீட்டில் இருந்தாள். பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் எதிரெதிர்த் திசையில் இடம் கிடைத்தது. சின்னவனைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கை ஒரு பக்கம் நடக்க, பெரியவள் தனியாக இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தாள். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில், நனைந்த கோட்டோடு அவள் நிறுத்தத்தில் நிற்பதைச் சொல்லித் தங்கை அழுத குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நம் ஊரைப் போல வீட்டு வாசலுக்கு வேன் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் நடந்தோ பேருந்திலோதான் போகிறார்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து கேனரி வார்ஃப் போவது எளிது. வெஸ்ட் ஹாமில் ஜூபிலி தடத்தின் மெட்ரோ ரயிலுக்கு மாறினால் போதும். மகாலட்சுமி கோயிலும், அருகே மேனர் பார்க்கில் முருகன் கோயிலும் இருப்பது மனத்துக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் கோயிலுக்கும் மளிகைக்கும் வாரம் ஒருமுறை ரயிலேறிப் போய்வரலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் லண்டனின் பல பகுதிகளில் நடக்கின்றன. பள்ளிக்கோ தினமும் போக வேண்டும். சட்டனைப் பொறுத்தவரை, அங்குள்ள கிராமர் பள்ளிகளின் நுழைவுத் தேர்வு இயர் 6 தொடங்கும் செப்டம்பரிலேயே நடக்கிறது. அதற்குப் பதிவு செய்யும் காலம் கோடையிலேயே முடிந்துவிடும். அங்குள்ள பிள்ளைகள் பலர் ஓராண்டுக்கும் மேலாகப் பயிற்சி பெற்று அதை எழுதுகிறார்கள். புது ஊரில் கால் வைத்தவுடன் ஒரு பத்து வயதுப் பையனை அந்தத் தேர்வுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அலுவலகத்துக்கும் அங்கிருந்து தொலைவு அதிகம்.

என் யோசனை இதுதான். கேனரி வார்ஃபுக்கு ஜூபிலி ரயிலில் நேராகச் செல்லக்கூடிய கிங்ஸ்பரி, ஸ்டான்மோர் பகுதிகளையும், ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒருமுறை மாறினால் போதுமான கான்ட்ஸ் ஹில், நியூபரி பார்க் பகுதிகளையும் ஈஸ்ட் ஹாமோடு சேர்த்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தந்தப் பகுதியின் கவுன்சில் எது என்று பார்த்து, ஆண்டின் நடுவில் சேர்க்கும் பிரிவுக்கு எழுதி, எந்தப் பள்ளிகளில் இயர் 10 இடம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். இருபாலரும் படிக்கும் பள்ளி ஒன்றில் மகளுக்கு இடம் அமைந்தால், அதுவே மகனுக்கும் வழி திறக்கும். உடன்பிறந்தவர் படிக்கும் பள்ளியில் முன்னுரிமை தருவது அங்கே பரவலான வழக்கம். அவன் இயர் 7 சேரும்போது அக்காவும் இயர் 11 வகுப்பில் அங்கேயே இருப்பாள். இந்த விதி அந்தப் பள்ளியில் உண்டா என்பதை அதன் சேர்க்கை விதிமுறையில் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கணவர் மே மாதமே முன்னால் போகட்டும். பெரும்பாலான கவுன்சில்கள் முகவரிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தத்தைக் கேட்கும் என்பதால், ஜூன் மாதத்துக்குள் அது கையில் இருப்பது நல்லது. பத்து மாத அட்வான்ஸுக்குப் பழகிய நமக்கு ஒரு நிம்மதி: ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், முன்பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது என்பது அங்கே சட்டம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி விவரங்களையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முன் மகளோடு ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல் போக மற்ற விருப்பப் பாடங்களை அங்கே பெரும்பாலும் முந்தைய ஆண்டே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பிறகு வருபவர்களுக்கு மிச்சமிருப்பதிலிருந்துதான் கிடைக்கும். எந்தப் பாடத்தை விட்டுக்கொடுக்க முடியும், எதை முடியவே முடியாது என்பதை அவளே எழுதித் தரட்டும். பள்ளிகளிடம் பேசும்போது அந்தத் தாள் கணவர் கையில் இருக்க வேண்டும்.