கேள்வி – பதில்

கேள்வி: கையில் எடுத்துச் சென்று படிக்கத்தக்க சிறிய அச்சு நூல்களுக்கு வழி வகுத்தவர் யார்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டுஸ் மனூட்டியுஸ் என்பவரையே முதலில் சொல்ல வேண்டும். சிறிய அளவு அவருடைய கண்டுபிடிப்பு அன்று. பிரார்த்தனை நூல்கள் அதற்கு முன்பே அவ்வாறு வழங்கின. ஆனால் மேசைமேல் விரித்துவைத்துப் படிக்கவேண்டிய பெரிய ஏடுகளாகவே பெரும்பாலும் அச்சாகி வந்த இலத்தீன் இலக்கியத்தை, ஒரு தாளை மும்முறை மடித்து எட்டு இதழ்களாக்கும் சிறிய அளவில், உரை விளக்கங்களை நீக்கி மூலத்தை மட்டும் வைத்து, 1501-இல் பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளில் தொடங்கி அவர் வரிசையாக வெளியிட்டார். உரையை நீக்கியதுதான், என் கருத்தில், அளவைக் குறைத்ததைவிடத் துணிச்சலான செயல்.

இந்நூல்களுக்காக அச்செழுத்து வெட்டும் கலைஞர் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டித் தந்த சாய்வெழுத்து, அறிஞர்களின் கையெழுத்தைப் பின்பற்றியது. இன்று அழுத்தம் தருவதற்காக ஓரிரு சொற்களுக்கு மட்டும் பயன்படுத்தும் அவ்வெழுத்தில் அன்று முழு நூலும் அச்சாயிற்று; இலத்தீனின் பெரிய எழுத்துகள் (A, B போன்ற தலைப்பெழுத்துகள்) மட்டும் நிமிர்ந்தே நின்றன.

வெற்றி வந்ததும் போலிகளும் வந்தன. பிரான்சின் லியோன் நகர அச்சகத்தார் இந்நூல்களை அப்படியே நகலெடுக்கவே, வாசகர் ஏமாறாதிருக்க அப்போலிகளின் பிழைகளைப் பட்டியலிட்டு ஆல்டுஸ் 1503-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். லியோன்காரர்களோ அப்பட்டியலைப் பார்த்தே தம் பிழைகளைத் திருத்திக்கொண்டனர்! காசில்லாமல் கிடைத்த மெய்ப்புத் திருத்தம்.