பொட்டலம் கட்டும் ராத்திரிகளும் தொண்டை வலியும்

கேள்வி: அக்கா, ஒவ்வொரு வருடமும் விடுமுறைக் காலத்தில் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று 20 பேருக்காவது பரிசு கொடுப்போம். கடையில் விற்கிற பளபளத் தாளை வாங்காமல் வீட்டில் இருப்பதை வைத்தே அழகாகப் பொட்டலம் கட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் கடைசி மூன்று ராத்திரி கண்விழித்துத்தான் முடிக்க முடிகிறது. முடித்த கையோடு தொண்டை கட்டிக்கொள்கிறது. இரண்டு வருடமாக விருந்தன்று நான் படுக்கையில்தான். பிள்ளைகளுக்கும் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே நான் கட்டுகிற பொட்டலத்தால் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம் வேறு. மாமியாருக்கு 75 வயது. பேசாமல் இந்த வேலையையே விட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசையை விடாதீர்கள். அந்த மூன்று ராத்திரிகளை மட்டும் எப்படியாவது காலி செய்துவிடுங்கள்.

சாதாரணச் சளியைக் கொடுக்கும் வைரஸ்களில் முக்கியமானது ரைனோ வைரஸ். அது உடம்புக்குள் நுழைந்து ஒன்று முதல் மூன்று நாளில் தொண்டை கரகரக்க ஆரம்பிக்கும். விருந்தன்று படுத்துவிடுகிறீர்கள் என்றால், நீங்கள் கண்விழித்த அதே நாட்களில்தான் அது உள்ளே வந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். ஆனால் தூங்காத உடம்புதான் அதற்குச் சுலபமாக இடம் கொடுக்கும். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான 164 பேரின் தூக்கத்தைக் கைக்கடிகாரம் போன்ற கருவியால் ஒரு வாரம் அளந்தார்கள். அப்புறம் எல்லோர் மூக்கிலும் ரைனோ வைரஸைச் சொட்டாக விட்டார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. வைரஸ் என்னவோ எல்லோருக்கும் ஒன்றேதான்.

அதனால் முதலில் கணக்கை மாற்றுங்கள். 20 பரிசு என்றால், தினம் இரண்டு வீதம் பத்து நாள் போதும். சாயங்காலம் அரை மணி நேரம். மேஜையின் ஒரு மூலையை இதற்கென்றே ஒதுக்கி, கத்தரிக்கோல், டேப், நூல்கண்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். பொருட்களைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். காகிதமும் துணியும் சளி, காய்ச்சல் கிருமிகளுக்கு வசதியான இடமில்லை. ஃப்ளூ வைரஸ் எஃகு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பில் 24 முதல் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். காகிதத்திலும் துணியிலும் 12 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நான்கு நாள் முன்பே கட்டி அலமாரியில் வைத்த பொட்டலத்தை நினைத்துக் கவலைப்படவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து இருமுவதும், மூக்கைத் துடைத்த கையோடு அடுத்தவர் கையைப் பிடிப்பதும்தான் கிருமியைக் கடத்தும்.

ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயம் விட்டுவிடுங்கள். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, அடுத்த துண்டை உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு தாளை மடிப்போமே, அதைத்தான் சொல்கிறேன். ஒரு பொட்டலத்துக்குள் கை எத்தனை தடவை வாய்க்குப் போய்விட்டு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். உட்காரும்போதே பத்துத் துண்டுகளை வெட்டி மேஜை விளிம்பில் வரிசையாக ஒட்டிவிடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். காகிதம் விரலில் உள்ள எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு அடிக்கடி கழுவினால் விரல் நுனி வெடிக்கும். வேலை முடிந்த பிறகு கொஞ்சம் வாசலின் தடவுங்கள். முன்னாலேயே தடவினால் தாளில் கறை படியும். அறை ஜன்னலையும் ஒரு விரல் அளவாவது திறந்து வையுங்கள்.

சரி, பொட்டலத்துக்கு வருவோம். மளிகை வாங்கி வந்த பழுப்புக் காகிதப் பைகள் வீட்டில் சேர்ந்திருக்குமே, அதைவிட நல்ல தாள் கிடைக்காது. ஒட்டியிருக்கும் பக்கத்தை வெட்டிப் பிரித்து, அடிப்பகுதியை எடுத்துவிட்டு, எழுத்தில்லாத உட்புறம் மேலே வரும்படி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். மடிப்புக் கோடு லேசாகத் தெரியத்தான் செய்யும். இலை அச்சு வைத்தால் அதுவும் மறைந்துவிடும்.

நரம்பு நன்றாகப் புடைத்திருக்கும் இலையாகப் பார்த்து எடுங்கள். அதன் முதுகுப் பக்கத்தில் போஸ்டர் கலரை மெல்லிசாகப் பூசுங்கள். வண்ணம் கெட்டியாக இருந்தால் அச்சு திட்டாகிவிடும். இலையைத் தாளின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு பழைய செய்தித்தாளை வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். காம்பைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் நரம்பு ஒவ்வொன்றும் தெரியும். முதல் அச்சைவிட, வண்ணம் வற்றிய இரண்டாவது அச்சுதான் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒரு ராத்திரி காயவிட்டுவிடுங்கள். இதைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். சளி பிடித்த பிள்ளைக்குத் தனித் தூரிகை கொடுத்து, மேஜையின் மறுகோடியில் உட்கார வையுங்கள்.

தாள் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், பெட்டியைச் சுற்றி நூல் விட்டு அளந்து, அதற்கு மேல் மூன்று விரல் விட்டு வெட்டுங்கள். கொஞ்சம் பற்றாமல் போனால் பெட்டியைத் தாளில் குறுக்காக வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். சரிகைத் தூள் மட்டும் வேண்டாம். ஜிகினா ஒட்டிய தாளும், கையில் கசக்கினால் சுருங்கி நிற்காமல் விரிந்துகொள்ளும் தாளும் மறுசுழற்சிக்கு ஆகாது.

பெட்டியில் அடங்காத பரிசுக்குத் துணிதான் சரி. ஜப்பானியர்கள் இதை ஃபுரோஷிகி என்பார்கள். 2006-இல் அங்கே சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து எடுத்த இழையில் ஒரு ஃபுரோஷிகியைச் செய்யச் சொல்லி, பைகளுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துங்கள் என்று மக்களிடம் கொண்டுபோனார். சதுரத் துணி, மூலைக்கு மூலை அளந்தால் பரிசைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். நடுவில் குறுக்காக வைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே மடித்துச் செருகி, மற்ற இரண்டை முடிச்சுப் போடுங்கள். முதலில் வலது இடதின் மேல், அடுத்து இடது வலதின் மேல். அப்படிப் போட்டால் முடிச்சு தட்டையாக, நழுவாமல் இருக்கும். இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் கையில் எடுக்கும்போதே அவிழும். பாட்டிலுக்குப் பழைய சட்டையின் கையை வெட்டிக்கொள்ளுங்கள். தோள் பக்கத்தைத் தைத்து அடியாக்கி, மணிக்கட்டுப் பட்டியை பாட்டிலின் கழுத்தில் வைத்துப் பொத்தானைப் போட்டால் முடிந்தது.

உடம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகப் போய்விடும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, கேட்டு வாங்காதீர்கள். வைட்டமின் சி மாத்திரை சளி வராமல் தடுத்துவிடாது. தினமும் சாப்பிடுகிறவர்களுக்குச் சளி சற்று சீக்கிரம் விடுகிறது, அவ்வளவுதான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது தொண்டைக்கு இதமாக இருக்கும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மாமியார் விஷயத்தில்தான் உண்மையான கவனம் வேண்டும். அந்த வயதில் ஃப்ளூ நிமோனியாவாக மாறலாம். ஃப்ளூ தடுப்பூசி போட்டு முழுப் பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். விருந்துக்கு முந்தின நாள் போட்டால் விருந்துக்கு உதவாது. அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். அவருக்குத் திடீரென்று காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாதீர்கள். ஃப்ளூ மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

இவ்வளவும் செய்து அன்றைக்குப் பார்த்து உங்களுக்குச் சளி பிடித்தால், மனம் உடையாதீர்கள். மாமியாரின் பரிசைக் கணவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வீடியோ காலில் உட்காருங்கள். அவர் அந்த முடிச்சை அவிழ்க்கும்போது முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரியே பார்க்கலாம். துணியை மடித்து அவரே வைத்துக்கொள்ளட்டும், திருப்பிக் கேட்க வேண்டாம்.