பழைய கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

திருமங்கலம் வாசகர்: என்னிடம் பிரிமியர் பத்மினி இருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறினால், மதிய வெயிலில் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் பம்பை மாற்றியும் சரியாகவில்லை. எலெக்ட்ரிக் பம்ப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் கோளாறு எங்கே என்று உறுதி செய்துகொண்ட பிறகு போடுங்கள். சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியில் இரண்டு பேரைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும் 'வேப்பர் லாக்'. மற்றொன்று, சூடு ஏறியதும் படுத்துவிடும், பிளக்கில் பொறி வரவைக்கும் இக்னிஷன் காயில் அல்லது அதற்குத் துணையான கண்டென்சர். இரண்டாவதைச் சோதிக்காமலேயே பம்பை மாற்றுவதுதான் ஒர்க்‌ஷாப்களில் வழக்கமாக நடக்கிறது.

அடுத்த முறை நின்றால், பெட்ரோல் குழாய் எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இருக்கும் ஹைடென்ஷன் ஒயரை உருவி, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடித்து, நுனியை இன்ஜின் பிளாக்கிலிருந்து 5 மி.மீ. தள்ளி வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாகப் பளிச்சென்று பொறி தாவினால் இக்னிஷன் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ கண்டென்சரையும் காயிலையும் மாற்றுங்கள். அதோடு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளியையும் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டிப் போகக் கூடாது. குறைந்தது 2 செ.மீ. விலக்கி, சூடு தாங்கும் உறை போடுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் பேக்கலைட் இன்சுலேட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்போதோ கழற்றிய ஒருவர் அதை எறிந்துவிட்டு, வெறும் பேப்பர் கேஸ்கெட்டோடு மூடியிருக்கும் வண்டிகள் நிறைய. இந்த இரண்டு வேலையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.

அப்படியும் நின்றால் எலெக்ட்ரிக் பம்ப். 2 முதல் 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும் கார்புரேட்டர் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் கார் பம்ப் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் மிதவை ஊசியால் அதை அடக்க முடியாது. பெட்ரோல் வழிந்து, சூடான மேனிஃபோல்டு மேல் கொட்டும். பம்பை டேங்குக்குப் பக்கத்தில், டேங்க் மட்டத்துக்குக் கீழே வைத்து, அதற்கு முன்னால் ஃபில்டர் போடுங்கள். ரிலே, ஃபியூஸ் இரண்டும் கட்டாயம். இன்ஜின் ஆயில் பிரஷர் விழுந்தால் பம்ப் நிற்கும்படி ஒரு சுவிட்சும் சேர்த்துக்கொள்ளுங்கள். விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் பெட்ரோல் பாய்ந்துகொண்டிருந்தால் தீப்பிடிக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி உப்பி, பிறகு வெடிக்கும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்கிப் போடுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை வறண்டுவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. பிளக் வெள்ளையாக வெளுத்திருந்தால் அதுதான் அடையாளம். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள். 115 எண் ஜெட் இருந்தால் 120 போடும்போது துளையின் பரப்பு சுமார் 9 சதவீதம் கூடுகிறது, அது போதும். பிளக் இளம்பழுப்பாக வர வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் அடியில் துரு பிடிக்கும்.

உசிலம்பட்டி வாசகர்: 1489 சி.சி. அம்பாசிடர். டேப்பட் சத்தம் அதிகம். இடைவெளி எவ்வளவு வைப்பது?

பதில்: வால்வுக்கும் அதைத் தட்டும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே 0.015 இன்ச், அதாவது 0.38 மி.மீ. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். கூட்டினால் 9 வர வேண்டும் என்பதே கணக்கு: 8-வது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்தால் 3, 5 திறந்தால் 4, 2 திறந்தால் 7. மற்றவையும் அப்படியே.

சத்தம் போக வேண்டுமென்று இறுக்கிவிடாதீர்கள். இடைவெளி இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காராமல் கருகிவிடும். சரியாக வைத்த பிறகும் சத்தம் வந்தால் ராக்கர் ஆர்மைக் கழற்றி, வால்வைத் தட்டும் முகத்தைப் பாருங்கள். அங்கே குழி விழுந்திருந்தால் பீலர் கேஜ் குழிக்கு மேலே பாலம்போல் நின்றுவிடும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். அந்த முகத்தை லேத்தில் தேய்த்துச் சமமாக்க வேண்டும், இல்லையென்றால் ராக்கரை மாற்ற வேண்டும்.

வில்லாபுரம் வாசகர்: ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடாது. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் பாத்திரத்தில் படிவதை வீட்டில் பார்க்கிறோமே, அதேதான் ரேடியேட்டர் டியூபிலும் படிகிறது. டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு, கூலன்ட் ஒரு பங்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மேலூர் வாசகர்: அம்பாசிடரில் வேறு கம்பெனி இன்ஜின் வைத்து வேகத்தைக் கூட்ட முடியுமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். ஆர்.சி.யிலும் ஏற வேண்டும். இல்லாவிட்டால் விபத்தின்போது இன்சூரன்ஸ் சிக்கல். அதற்கும் முன்னால் பிரேக்கைக் கவனியுங்கள். கூடுதல் வேகத்தில் போகிற வண்டியைப் பழைய டிரம் பிரேக்கை நம்பி இறக்கத்தில் விடக் கூடாது.

கே.கே. நகர் வாசகர்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு முன்சக்கரத்துக்கு கிரீஸ் அடித்தும் ஸ்டியரிங் இறுக்கமாக இருக்கிறதே?

பதில்: இறுக்கத்துக்கு அந்த கிரீஸே காரணமாக இருக்கலாம். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டான வெர்ட்டிகல் லிங்க், அடியில் டிரன்னியன் என்ற மூட்டுக்குள் மரையால் திருகி உட்காருகிறது. அந்த டிரன்னியனுக்குத் தேவை இ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் கெட்டிப்பட்டு, மரையின் அடி வரை போய்ச் சேராது. அங்கே தண்ணீர் தேங்கித் துரு அரிக்கும். ஒரு நாள் வெர்ட்டிகல் லிங்க் முறிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும். இதை அலட்சியமாக விடாதீர்கள். இரண்டு பக்கமும் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவி, மரையில் துருக்குழி இருந்தால் லிங்கை மாற்றுங்கள். பிறகு கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை நிரப்பி, மேலே கசியும் வரை அடியுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை இப்படிச் செய்தால் போதும். இடது பக்க மரையும் வலது பக்க மரையும் எதிரெதிர்த் திசை. பழைய சாமான் கடையில் வாங்கும்போது எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.