கண்ணை மூடினாலே படபடப்பா?

கேள்வி: ஒரு பெரிய வாகன விபத்தில் தப்பியவன் நான். காயமெல்லாம் ஆறிவிட்டது. ஆனால் பிரேக் சத்தம் கேட்டால் இன்னமும் தோள் இறுகி, கை சில்லிட்டுவிடுகிறது. உடம்பு வழியாகச் செய்யும் தெரபி உதவும் என்றார்கள். வீடியோ பார்த்து, கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தேன். படபடப்பு கூடியதுதான் மிச்சம். எனக்கு இது ஒத்துவராதா?

பதில்: அந்தப் பயிற்சி ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். கண்ணை மூடியதும் கவனமெல்லாம் நெஞ்சுத் துடிப்பில் போய் நின்றுவிடும். விபத்தன்று துடித்த அதே துடிப்பு என்று மூளை மிரளும். போதாக்குறைக்கு, பெருமூச்சாக இழுத்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி குறுகுறுக்கும்.

கண் திறந்தே இருக்கட்டும். நாற்காலியில் சாய்ந்து, இரு பாதமும் தரையில் பதிய உட்காருங்கள். கழுத்தை மெல்லத் திருப்பி, கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று பாருங்கள். குதிகாலை ஐந்து விநாடி தரையில் அழுத்தித் தளர்த்துங்கள். அடுத்து, உடம்பில் தொந்தரவில்லாத ஓர் இடத்தைத் தேடுங்கள். உள்ளங்கை, காதுமடல், எதுவானாலும் சரி. இறுகிய தோளைச் சில விநாடி கவனித்துவிட்டு, உடனே அந்தத் தொந்தரவில்லாத இடத்துக்குக் கவனத்தைத் திருப்பிவிடுங்கள். இரண்டு மூன்று தடவை போய்வந்தால் போதும். மூச்சு இழுப்பதைவிட விடுவது சற்று நீளலாம். அதுவே சிரமம் என்றால் மூச்சைக் கவனிக்கவே வேண்டாம்.

அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின் உருவாக்கிய சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் (உடல் உணர்வுகளைக் கவனித்து அதிர்ச்சியைத் தணிப்பது) முறையின் உயிர்நாடி, கவனம் இப்படிப் போய்வருவதுதான். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவைக்க மாட்டார்கள், துளித்துளியாகத்தான் தொடுவார்கள். 'கதறினால்தான், நடுங்கினால்தான் உள்ளே இருப்பது வெளியேறும்' என்று உசுப்பேற்றுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நடுக்கம் தானாக வந்தால் வரட்டும், வரவழைக்க வேண்டாம்.

கை கால் மரத்து, அறையே எங்கோ தள்ளி இருப்பதுபோல் தோன்றினால் அதை அமைதி என்று எண்ணிவிடாதீர்கள். அளவு மீறிவிட்டது. நிறுத்துங்கள், எழுந்து நடங்கள், எதிரில் இருக்கும் பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அடிக்கடி இப்படி ஆனாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: இந்த முறைகளுக்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா?

பதில்: எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் இல்லை. அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ 1980களின் கடைசியில் கொண்டுவந்த ஈ.எம்.டி.ஆர். முறையில், நினைவை மனத்தில் வைத்தபடி கண்ணை இடமும் வலமும் அசைக்கச் சொல்வார்கள். அதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனப் பாதிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த சிகிச்சைகளில் அதுவும் ஒன்று. கண்ணசைவு எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை. லெவின் முறைக்கு 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 63 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் ஒன்றாக 15 செஷன். பலன் தெரிந்தது, ஆனால் இத்தகைய ஆய்வுகள் இன்னும் சொற்பமே. யோகாவைத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தெரபிஸ்ட் உடம்பைத் தொடுவாரா?

பதில்: தொடாமலே பெரும்பகுதி நடக்கும். தொட வேண்டியிருந்தால் எங்கே, எதற்கு என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் சம்மதம் கேட்க வேண்டும். போன வாரம் சரி என்று சொன்னது இந்த வாரத்துக்குச் செல்லாது. 'வேண்டாம்' என்றதும் முகம் சுளிக்கிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.